பலேயோ ஃபாலிரோ: ஏதென்ஸின் கடலோரப் புறநகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபாலிரோ என்ற பெயரில் இரண்டு ஊர் இருக்கிறதாமே. நாம் பேசுவது எது?

ஏதென்ஸ் நகரத்துக்குத் தெற்கே, சரோனிக் வளைகுடாவின் ஓரத்தில் வில் போல வளைந்து கிடப்பது ஃபாலிரோ விரிகுடா. வில்லின் மேற்கு முனையில் இருப்பது நேயோ ஃபாலிரோ, அதாவது புது ஃபாலிரோ. அது பிரேயஸ் துறைமுக நகராட்சியைச் சேர்ந்தது. கிழக்கு முனையில் இருப்பது பலேயோ ஃபாலிரோ, பழைய ஃபாலிரோ. இது தனி நகராட்சி. 60,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிஃபிசோஸ் ஆற்றின் முகத்துவாரமும் கலிதேயா நகராட்சியின் கடற்கரையும் கிடக்கின்றன.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மெட்ரோ பச்சைத் தடத்தில் 'ஃபாலிரோ' என்று ஒரு நிலையம் உண்டு. பலேயோ ஃபாலிரோவில் அறை பிடித்துவிட்டு அந்தப் பெயரை நம்பி இறங்கினால், நேயோ ஃபாலிரோவில், கராயிஸ்காகிஸ் கால்பந்து மைதானத்தின் வாசலில் நிற்பீர்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கக்கூடிய தூரம் அல்ல. அப்படி இறங்கிவிட்டால் கடல் பக்கமாக வந்து, அமைதி நட்பு அரங்கத்தின் அருகே வூலா நோக்கிச் செல்லும் டி7 டிராமைப் பிடியுங்கள். அது நேராகப் பலேயோ ஃபாலிரோ கடற்கரை வழியாகவே போகிறது.

ஏதென்ஸ் மையத்திலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் எப்படிப் போவது?

மையத்திலிருந்து என்றால் சின்டக்மா சதுக்கத்தில் புறப்படும் டி6 டிராம். நேயா ஸ்மிர்னி குடியிருப்புகளுக்குள் புகுந்து, எதெம் அருகே கடலைத் தொட்டு, பிக்ரோதாஃப்னியில் முடியும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பேருந்து இதைவிட விரைவாகப் போகும், ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் டிராமில் போவதே நல்லது. ஊர் படிப்படியாகக் கடலை நோக்கித் திறப்பது கண்ணுக்குத் தெரியும்.

கடலோரமாக ஓடும் தடம் டி7. பிரேயஸிலிருந்து வூலா மருத்துவமனை வரை போகிறது. பிரேயஸ் பகுதிக்கு இந்தத் தடம் நீண்டது 2021 டிசம்பரில்தான். அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். மேற்கிலிருந்து வரும்போது தெல்தா ஃபாலிரு, த்ரோகதேரோ, ஃப்ளிஸ்வோஸ் பூங்கா, ஃப்ளிஸ்வோஸ், பாதிஸ், எதெம், பிக்ரோதாஃப்னி என்ற வரிசையில் நிறுத்தங்கள் வரும்.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ்96 பேருந்து இரவு பகலாக ஓடுகிறது. கடலோரச் சாலை வழியாகப் பிரேயஸ் போவதால் ஃபாலிரோவில் இறங்கிக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம், 5.50 யூரோ. நகருக்குள் 90 நிமிடம் செல்லும் சாதாரணச் சீட்டு 1.20 யூரோ, அது விமான நிலையப் பேருந்தில் செல்லாது. சாதாரணச் சீட்டில் 90 நிமிடத்துக்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம், ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஏறியவுடன் சீட்டைக் கருவியில் காட்ட வேண்டும். முதல் வண்டியில் காட்டிவிட்டோமே என்று இரண்டாவதில் சும்மா உட்கார்ந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அபராதம் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

ஏதென்ஸின் துறைமுகம் பிரேயஸ்தானே? ஃபாலிரோவுக்கு ஏன் இவ்வளவு பழம்பெருமை?

பிரேயஸுக்கு முன் துறைமுகமாக இருந்தது ஃபாலிரோ. அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரம் குறைந்தவை. நங்கூரம் பாய்ச்சி நிறுத்துவதைவிட மணலில் இழுத்து ஏற்றுவதே வழக்கம். அதற்கு மெல்லச் சரியும் மணற்கரை வேண்டும். ஃபாலிரோவில் அது இருந்தது; நகரத்துக்கு மிக அருகிலும் இருந்தது. பயண எழுத்தாளர் பௌசானியஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதும்போது நகரிலிருந்து 20 ஸ்தாதியா என்கிறார், அதாவது நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புராண வீரன் தீசியஸ் கிரீட் தீவுக்குக் கப்பலேறியது இங்கிருந்துதான் என்பது ஏதென்ஸ்காரர்களின் நம்பிக்கை.

குறை என்னவென்றால், விரிகுடா திறந்து கிடக்கிறது. தெற்கிலிருந்து காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லை. எதிரி வந்தாலும் தடுக்க இயற்கை அரண் கிடையாது. கி.மு. 493இல் ஆட்சித் தலைவராக இருந்த தெமிஸ்டோகிளிஸ், பிரேயஸ் முனையில் மூன்று இயற்கைத் துறைகள் இருப்பதைக் காட்டி அங்கே அரண் கட்டும் வேலையைத் தொடங்கினார். அவர் கணக்கு சரி என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. கி.மு. 490இல் மாரத்தானில் தோற்ற பாரசீகர்கள் சூனியோன் முனையைச் சுற்றிவந்து, வெறுமையாக இருக்கும் நகரத்தைப் பிடித்துவிடலாம் என்று நின்றது ஃபாலிரோவுக்கு எதிரே. ஏதென்ஸ் படை அதற்குள் ஓடி வந்துவிட்டதால் திரும்பிப் போனார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் போருக்கு முன் அவர்களுடைய கப்பற்படை தங்கியதும் இதே கரையில்தான். செர்க்செஸ் மன்னனே இறங்கிவந்து தளபதிகளைக் கூட்டிப் பேசியிருக்கிறான்.

போர் விட்ட தடம் நெடுங்காலம் இருந்தது. ஃபாலிரோவிலிருந்து ஏதென்ஸ் போகும் வழியில் கதவும் கூரையும் இல்லாத ஹீரா கோயில் ஒன்றைப் பௌசானியஸ் பார்க்கிறார். பாரசீகத் தளபதி மார்தோனியஸ் எரித்தது என்று சொல்லக் கேட்டதாக எழுதுகிறார். எரிந்து ஆறு நூற்றாண்டுக்கு மேல் ஆன கதை. இதே துறையில் 'அறியப்படாத தெய்வங்களுக்கு' என்று பலிபீடங்கள் இருந்ததையும் அவரே குறிக்கிறார்; விவிலியத்தில் பவுல் ஏதென்ஸில் பார்த்ததாகச் சொல்லும் பீடத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பண்டைய ஏதென்ஸின் பெரும் பேச்சாளர் டெமஸ்தனீஸ் அலை இரைச்சலுக்கு எதிரே நின்று பேசிப் பழகியதாகச் சொல்லப்படும் கரையும் இதுதான். அலெக்சாந்திரியா நூலகத்தின் தொடக்கத்தோடு பேசப்படும் திமித்ரியோஸ் இங்கே பிறந்தவர். அவரை ஃபாலிரோ திமித்ரியோஸ் என்றே சரித்திரம் அழைக்கிறது.

பழைய துறைமுகத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியாது. இடிந்த சுவர், தூண் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். ஆறுகள் கொட்டிய வண்டலும் இருபதாம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்த வேலைகளும் கரைக்கோட்டையே மாற்றிவிட்டன.

ஆனால் மண்ணுக்குள் இருந்தது சாதாரணமானதல்ல. ஃபாலிரோ தெல்தாவில், இன்று ஸ்தாவ்ரோஸ் நியார்கோஸ் கலாச்சார மையம் நிற்கும் நிலத்தில் பெரிய புராதன இடுகாடு ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. 1,500க்கும் மேற்பட்ட அடக்கங்கள். 2016இல் அதன் ஒரு மூலையில் சுமார் 80 எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. பலருடைய மணிக்கட்டுகள் இரும்பு விலங்கால் பூட்டப்பட்டிருந்தன. அவர்களோடு கிடைத்த இரண்டு சிறு மண் கூஜாக்களை வைத்துக் காலம் கி.மு. 650க்கும் 625க்கும் இடைப்பட்டது என்று கணித்தார்கள். அந்தக் காலத்தில் கைலோன் என்ற பிரபு ஏதென்ஸில் ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்றான். அவனுடைய ஆட்களாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து, நிரூபணம் ஆகவில்லை. வழிகாட்டிகள் யாராவது அதை உறுதியான செய்தியாகச் சொன்னால் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

மீன்பிடித் துறையாக இருந்தது எப்படிப் பணக்காரப் புறநகராயிற்று?

வழி வந்ததால். 1869இல் ஏதென்ஸ்–பிரேயஸ் ரயில் ஓடத் தொடங்கியதும் முதலில் செழித்தது நேயோ ஃபாலிரோ. விடுதிகள், கடல் குளியல் மேடைகள் எல்லாம் அங்கே வந்தன. 1896 ஒலிம்பிக்கின் சைக்கிள் பந்தயங்கள் அங்கிருந்த வட்டத் தடத்தில்தான் நடந்தன. அதே இடத்தில்தான் இன்றைய கராயிஸ்காகிஸ் மைதானம். பிறகு செல்வர் ஆந்திரேயாஸ் சின்க்ரோஸ் விட்டுச்சென்ற பணத்தில் நகரிலிருந்து நேராகக் கடலுக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சின்க்ரு அவென்யூ வந்து முட்டும் இடம் தெல்தா ஃபாலிரு. அதன்பின் பழைய ஃபாலிரோவிலும் மாளிகைகள் எழுந்தன.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: 1925இல் கிரீஸ் அரசின் விமானத் தொழிற்சாலை இங்கே அமைந்தது. பிரிட்டனின் பிளாக்பர்ன் நிறுவனம் நடத்தியது. வேலோஸ் என்ற நீர்விமானங்கள் இங்கே கட்டப்பட்டன.

மாளிகைகளில் பெரும்பகுதி போருக்குப் பின் போய்விட்டது. நிலத்துக்காரர் மனையைக் கொடுப்பார், கட்டுபவர் தன் பணத்தில் அடுக்குமாடி எழுப்பிச் சில வீடுகளை அவருக்குத் தந்துவிட்டு மீதியை விற்றுக்கொள்வார். ஆந்திபரோஹி எனப்படும் இந்த முறையில் கைப்பணம் இல்லாமலே நகரம் முழுக்க வீடு பெருகியது. வீடில்லாத லட்சக்கணக்கானோருக்குக் கூரை கிடைத்தது. தோட்டம் சூழ்ந்த வீடுகள் அழிந்தன. இரண்டும் உண்மை. கடலோரச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே நடந்தால், ஆறு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே தப்பிய ஓரிரு பழைய வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

அவேரோஃப் கப்பல் பார்க்க வேண்டியதுதானா?

ஃபாலிரோவுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். இத்தாலியின் லிவோர்னோவில் ஒர்லாந்தோ கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1910இல் நீரில் இறக்கப்பட்ட கவசக் கப்பல். நீளம் சுமார் 140 மீட்டர், எடை 10,000 டன்னுக்குச் சற்று மேல். அலெக்சாந்திரியாவில் வாணிபம் செய்து பெரும் பொருள் சேர்த்த யோர்கோஸ் அவேரோஃப் எழுதிவைத்த உயிலின் பணம், விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஏற்றது. அதனால் அவர் பெயர்.

1912 டிசம்பரில் எல்லி, 1913 ஜனவரியில் லெம்னோஸ் என்ற இரு கடற்போர்களில் தளபதி பாவ்லோஸ் குண்டுரியோட்டிஸ் இதன் வேகத்தையே ஆயுதமாக்கினார். கூட வந்த பழைய கப்பல்களை விட்டுவிட்டு இதை மட்டும் முன்னே பாயவிட்டு, ஒட்டோமான் கப்பல் வரிசையின் முன்பகுதியை மடக்கினார். ஏகியன் கடல் கிரீஸ் கைக்கு வந்தது அதனால்தான்.

இந்தியாவோடும் இதற்கு உறவு உண்டு. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் நெருங்கியபோது கப்பலை மூழ்கடிக்கச் சொன்ன உத்தரவை மாலுமிகள் ஏற்கவில்லை. புறப்பட்டு அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டு, 1942 பிற்பகுதி வரை பம்பாயைத் தளமாகக் கொண்டு சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. 1944 அக்டோபரில் நாடு கடந்திருந்த கிரீஸ் அரசை ஏற்றிக்கொண்டு திரும்பியதும் இதே கப்பல்தான். 1952இல் பணி ஓய்வு; நெடுங்காலம் போரோஸ் தீவில் கிடந்து துருப்பிடித்தது; 1984இல் மீட்டு அருங்காட்சியகமாக்க முடிவெடுத்து இங்கே இழுத்துவந்தார்கள்.

த்ரோகதேரோ நிறுத்தத்தில் இறங்கிக் கடல் பக்கம் நடந்தால் புகைபோக்கிகள் தெரியும். படிகள் செங்குத்து, இரும்பு. தட்டையான, பிடிப்புள்ள செருப்போ காலணியோ போடுங்கள்; புடவையோடு கீழ்த்தளம் இறங்குவது சிரமம். கோடை மதியத்தில் எஃகுத் தளம் காய்ந்து கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். அதிகாரிகளின் அறைகளில் மர வேலைப்பாட்டைப் பார்த்த கையோடு, மாலுமிகள் தூங்கும் தொட்டில் துணிகள் தொங்கும் இடத்தையும் பாருங்கள். ஒரே கப்பலில் இரண்டு உலகம்.

பக்கத்தில் நிற்கும் மரக்கப்பல் என்ன?

ஒலிம்பியாஸ். பண்டைய மூவடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று ஜான் மோரிசன், ஜான் கோட்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் கணக்கிட்டு, 1985க்கும் 1987க்கும் இடையில் பிரேயஸ் பகுதியில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 37 மீட்டர், துடுப்புகள் 170: மேலடுக்கில் 62, நடுவில் 54, கீழே 54.

வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, துடுப்புகள் மூன்று அடுக்குக்கும் ஏறக்குறைய ஒரே நீளம், நாலு மீட்டரைச் சுற்றி. மேலடுக்குக்காரர் வெளியே தள்ளி அமைந்த சட்டத்தில் துடுப்பு போடுவதால்தான் அது முடிகிறது. இரண்டு, தன் துடுப்பு நீரில் படுவதை மேலடுக்குக்காரர் மட்டுமே பார்க்க முடியும். கீழே இருப்பவர்கள் தாளத்தை நம்பியே இழுக்க வேண்டும். மூன்று, கீழடுக்கின் துளைகள் நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் உயரம்கூட இல்லை. அலை உள்ளே வராமல் தோலுறை போர்த்தியிருப்பார்கள்.

ஓட்டிப் பார்த்தபோது மணிக்கு ஒன்பது நாட்டிக்கல் மைல் வேகம் கிடைத்தது. அதற்கு மேல் ஏன் போகவில்லை? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விட்ட இடம் 0.89 மீட்டருக்குள் அடங்கியது. உயரமானவர்களால் முழுக்கக் கை நீட்டி இழுக்க முடியவில்லை. பண்டைய முழத்தின் அளவைக் குறைத்து எடுத்துக்கொண்டோம், 0.98 மீட்டர் விட்டிருக்க வேண்டும் என்று அறிஞர்களே பிறகு முடிவுக்கு வந்தார்கள். கட்டிப் பார்க்காமல் தெரிந்திருக்காத உண்மை அது. பழைய வழிகாட்டிகளில் இங்கே இருப்பதாகச் சொல்லும் வேலோஸ் போர்க்கப்பலைத் தேடாதீர்கள். 2019இல் தெஸ்ஸலோனிகிக்குப் போய்விட்டது.

இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. இங்கே வரும் இந்தியர்களில் பலர் தெரியாமலே அதைக் கடந்துபோகிறார்கள் என்பதுதான் வருத்தம். பலேயோ ஃபாலிரோவுக்கும் அலிமோஸுக்கும் எல்லையில், கடலோரச் சாலையிலேயே ஃபாலிரோன் போர்க் கல்லறை. 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் வெடித்த சண்டையில் இறந்த பிரிட்டிஷ் தரப்பு வீரர்களுக்காக முதலில் அமைத்தார்கள். பிறகு வேறு இடங்களிலிருந்தும் உடல்களைக் கொண்டுவந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். உள்ளே உள்ள ஏதென்ஸ் நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காத ஏறக்குறைய 3,000 பேரின் பெயர்கள்.

அந்தச் சின்னத்துக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே தகன நினைவிடம் ஒன்று தனியே நிற்கிறது. பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 74 வீரர்கள், தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்கள், அங்கே நினைக்கப்படுகிறார்கள். நான்காவது இந்திய டிவிஷன் 1944 இறுதியில் கிரீஸ் வந்து சேர்ந்தது. பிக்ரோதாஃப்னி நிறுத்தத்திலிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தென்கிழக்கே நடங்கள். அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

இங்கே சாப்பாட்டுக்கு ஏன் இஸ்தான்புல் மணம்?

வந்து குடியேறியவர்களால். 1922இல் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) எரிந்தபின் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகள் வந்தார்கள். பக்கத்து நேயா ஸ்மிர்னி அவர்கள் கட்டிய ஊர். கலிதேயா பக்கமுள்ள ஜிஜிஃபியேஸில் குடியேறிய அகதிச் சிறுவன் யானிஸ் பப்பயோன்னு பின்னாளில் ரெபெத்திகோ என்ற கிரேக்க நகர்ப்புறப் பாட்டு மரபின் பெரும் பெயரானார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பாட்டே ஒரு ஃபாலிரோப் பெண்ணைப் பற்றியது.

அடுத்த அலை இஸ்தான்புல் கிரேக்கர்கள். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் அங்கே அவர்களுடைய கடைகளும் கோயில்களும் சூறையாடப்பட்டன. 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களைத் துருக்கி வெளியேற்றியது. 20 கிலோ சாமான், 20 டாலர், அவ்வளவுதான் கொண்டுபோகலாம். பிறந்த ஊரில் பாஸ்பரஸைப் பார்த்து வாழ்ந்தவர்கள் பலர் இங்கே கடலைப் பார்த்துக் குடியேறினார்கள்.

அதனால் இங்கே இனிப்புக் கடைகளிலும் சிறு உணவகங்களிலும் தேட வேண்டியவை தனி. அடிப்பிடிக்க வைத்துச் சுருட்டிய பால் இனிப்பு கஸான்திபி. பாகில் ஊறிய எக்மெக் கதைஃபி, மேலே மஸ்திகா மரப்பிசின் மணக்கும் கைமாக்கி ஐஸ்கிரீம். சோறு அடைத்த சிப்பி. வெந்தயமும் பூண்டும் பூசி உலர்த்திய பஸ்துர்மா மாட்டிறைச்சி வாசனை மறுநாளும் உடம்பில் இருக்கும், அது தெரிந்து சாப்பிடுங்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் 'லதேரா' என்று கேளுங்கள்: ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கள், பெரும்பாலும் வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய். சூடாக வராது, அறைச் சூட்டில் பரிமாறுவதுதான் முறை.

ஃபாலிரோவுக்கென்று ஒரு மீன் உண்டா?

உண்டு, இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக. ஃபாலிரோப் பொடிமீனை அரிஸ்டோஃபனீஸ் நாடகங்களிலேயே பார்க்கலாம். ஏதென்ஸில் அது மலிந்து கிடந்ததால் ஏழை உணவு என்று ஒதுக்கினார்கள், வெளியூர்களில் அதைவிட மட்டமானதையே கொண்டாடினார்கள் என்று தத்துவவாதி கிரிசிப்பஸ் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. 'பொடிமீன் நெருப்பைப் பார்த்தது' என்று அந்தக் காலத்தில் ஒரு பழமொழி: பார்த்தாலே வெந்துவிடும் என்று அர்த்தம்.

இன்றைக்கு உணவகத்தில் அதற்குப் பதிலாகக் கிடைப்பது அதெரினா, விரல் நீள வெள்ளி மீன். அல்லது காவ்ரோஸ், நம் நெத்திலியின் இனம். வீட்டில் செய்ய அரைக் கிலோ போதும், மூன்று பேர் தொட்டுக்கொள்ளலாம். அதெரினாவைத் தலையோடு முழுசாக, காவ்ரோஸ் என்றால் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கழுவி வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். இதில் அவசரப்பட்டால் காரியம் கெட்டது: ஈரத்தில் மாவு பசையாகி, எண்ணெயில் தோல் தோலாக உரியும். ஒரு தேக்கரண்டி உப்பை மீனிலேயே போடுங்கள். ஒரு கோப்பை மைதாவில் புரட்டி, சல்லடையில் தட்டி அதிக மாவை உதறிவிடுங்கள். உதறாத மாவு எண்ணெயில் விழுந்து கருகி அடுத்த ஈட்டுக்குக் கசப்பு ஏற்றும்.

எண்ணெய் இரண்டு விரல் உயரம், ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே நுரைத்து எழ வேண்டும். கைப்பிடி கைப்பிடியாகப் பொரியுங்கள், இரண்டு மூன்று நிமிடம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் ஆறி, மீன் அதைக் குடித்துச் சொதசொதவென்று ஆகும். எலுமிச்சையைத் தட்டில் பிழியாதீர்கள், வாயில் வைக்கும் முன் அவரவர் பிழிந்துகொள்ளட்டும். மொறுமொறுப்பு அதுவரை நிற்கும்.

கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், நாள் பார்த்து. எதெம் கடற்கரை இலவசம், டிராம் நிறுத்தத்துக்கு நேரெதிரே. ஆகஸ்டில் தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். பிப்ரவரியில் 15ஐ ஒட்டி இறங்கும், அப்போதும் தினமும் இறங்கும் முதியவர்களைப் பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தேமி காற்று தீவுகளில் கடலைக் கொந்தளிக்க வைக்கும். இங்கே அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் தட்டையாக இருக்கும். அதை நம்பிக் காற்று மெத்தையில் மிதக்காதீர்கள்; மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். தெற்குக் காற்று வந்தால் எல்லாம் தலைகீழ்: அலை எழும், மிதக்கும் குப்பையெல்லாம் கரைக்கு வரும். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இறங்க வேண்டாம். கிஃபிசோஸ் ஆறும் பிக்ரோதாஃப்னி ஓடையும் நகரத்தின் தெருக்கழுவலை இதே விரிகுடாவில்தான் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆற்று வாய், ஓடை வாய், படகுத்துறை ஆகியவற்றின் அருகே எந்த நாளிலும் குளிக்காதீர்கள்.

குழந்தைகளோடு மாலைப் பொழுதுக்கு எங்கே போகலாம்?

ஃப்ளிஸ்வோஸ் பூங்கா, அதையொட்டிய படகுத்துறை. கோடையில் பூங்காவில் திறந்தவெளித் திரையரங்கு நடக்கும். இருட்டிய பிறகுதான் படம், ஏறக்குறைய ஒன்பது மணி. வெளிநாட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் மொழி மாற்றம் செய்வதில்லை, கிரேக்க எழுத்துகள் மட்டும் கீழே ஓடும்.

இன்னும் பெரிய இடம் வேண்டுமென்றால் கலிதேயா எல்லையிலுள்ள நியார்கோஸ் மையம். ரென்ஸோ பியானோ வடிவமைத்தது, 2016இல் கட்டி முடிந்து அடுத்த ஆண்டு அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தேசிய நூலகமும் தேசிய ஓபராவும் உள்ளே. அவற்றின் கூரைமேல் ஒரு பூங்காவைச் சாய்த்து ஏற்றியிருக்கிறார்கள். 32 மீட்டர் உயரத்தை ஏறுவதே தெரியாமல் நடந்து ஏறலாம். மேலே நின்றால் ஒரு பக்கம் அக்ரோபோலிஸ், மறுபக்கம் கடல். கீழே 400 மீட்டர் நீளக் கால்வாயில் கடல் நீர். பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. நடுவில் ஓடும் அகலச் சாலையும் பழைய குதிரைப் பந்தயத் திடலும் நெடுங்காலம் ஊரைக் கடலிலிருந்து அறுத்து வைத்திருந்தன. இந்தப் பூங்காவும் நடைபாதையும் அந்த வெட்டை ஓரளவு ஒட்டவைத்திருக்கின்றன, முழுக்க அல்ல. சாலையைத் தாண்டும்போது சிக்னல் இல்லாத இடத்தில் ஓட வேண்டாம்.

குளிர்காலத்தில் வந்தால் ஏதாவது உண்டா?

ஜனவரி 6, திருநாள் தியோஃபானியா. பாதிரியார் சிலுவையைக் கடலில் எறிவார், இளைஞர்கள் குதித்து எடுப்பார்கள். நல்ல இடம் பிடிக்க வேண்டுமானால் வழிபாடு முடியும் முன்பே கரைக்குப் போய்விட வேண்டும். தவக்காலம் தொடங்கும் திங்களன்று கரையெங்கும் பட்டம். அன்று மட்டும் சுடும் தட்டை ரொட்டி லகானாவை அடுமனையில் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

சில நாள் வாடகைக்குத் தங்குகிறோம். அக்கம்பக்கத்தாரோடு சங்கடம் வராமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

மதிய அமைதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் 3 முதல் 5.30 வரை, இரவு 11 முதல் காலை 7 வரை சத்தம் கூடாது. குளிர்காலத்தில் 3.30 முதல் 5.30, இரவு 10 முதல் காலை 7.30. இது பழக்கம் மட்டுமல்ல, காவல்துறையின் விதி. மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், குழந்தைகள் பந்து தட்டுவது எல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம்.

கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பையில் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள். பழைய குழாய்கள் குறுகல். அடைத்தால் அடுக்குமாடி முழுக்கத் தொல்லை.

காய்கறிக்கு வாரச் சந்தை, லயிக்கி. தெருவுக்குத் தெரு நாள் மாறும். பக்கத்து வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள். நல்ல சரக்கு காலை ஒன்பதுக்குள். விலை இறங்குவது ஒரு மணிக்கு மேல், ஆனால் கொத்தமல்லி மாதிரி மென்கீரைகள் அதற்குள் வாடிவிடும்.